நஞ்சும் சட்டமும்: இலங்கையில் தற்கொலைத் தடுப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தற்கொலை பற்றிய சமூக ஆய்வுக்குரிய மூலங்கள் பெரும்பாலும் பொலிஸ் ஏடுகளாகவே இருந்துவந்துள்ளன. 1846ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஜேர்மனியின் எல்பர்பெல்ட் நகரிலிருந்து வெளிவந்த ‘சமூகக் கண்ணாடி’ என்னும் சஞ்சிகையிலே கார்ல் மார்க்ஸ் இப்பொருள் குறித்துக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அதன் பெரும்பகுதி அவரது சொந்த எழுத்தன்று. பாரிஸ் நகரப் பொலிஸ் ஆவணக் காப்பகத்தில் கடமையாற்றிய ஜாக் பெஷே என்பாரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்த்து, இடையிடையே தமது வாக்கியங்களையும் செருகி அவர் அதனை ஆக்கினார். மார்க்ஸின் எழுத்துக்களுள் அதிகம் பேசப்படாத இச்சிறு கட்டுரையிலே நால்வரின் முடிவுகள் விவரிக்கப்படுகின்றன. நால்வருள் மூவர் பெண்கள். அவர்களை அழித்தது ஆலையன்று, குடும்பம்: பெற்றோரின் அதிகாரம், கணவனின் உடைமை வெறி, ஊராரின் பழிச்சொல். நான்காமவர் வேலையிழந்து, தம் குடும்பத்துக்குத் தாமே பாரமாகிவிட்டதாகக் கருதிய ஓர் ஆண்மகன்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1845இல், இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலை பற்றிய தமது நூலில் ஏங்கெல்ஸ் ‘சமூகக் கொலை’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்திருந்தார். மனிதர் அகாலத்தில் மடிவது தவிர்க்கவியலாததாகும் நிலைமைகளுள் அவர்களை வைத்து, அதனை நன்கறிந்தும் அந்நிலைமைகளைத் தொடரவிடும் சமூகம் கொலைக் குற்றத்தினின்றும் தப்பவியலாது என்பது அவர் வாதம். டேர்க்ஹைமின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது இவற்றுக்கு அரை நூற்றாண்டின் பின்னர், 1897இல். ஆயினும் பல்கலைக்கழகச் சமூகவியற் பாடநூல்களில் இப்பொருள் டேர்க்ஹைமிலிருந்தே தொடங்குவதைக் காண்கிறோம்.

மார்க்சியச் சிந்தனை மரபினுள் நின்று இப்பொருளை நோக்குவோர் ஏங்கெல்ஸின் தொடரை ஏற்றுக்கொண்டு, அவ்வளவில் அமைந்துவிடுவது வழக்கம். சமூகமே கொலையாளி, ஆகவே சமூகத்தை மாற்றுதலே மருந்து, இடையிற் செய்யப்படுவன யாவும் புண்ணுக்குப் புனுகு தடவுதல். இம்முடிவு தர்க்கரீதியாகச் செம்மையானது போலத் தோன்றும். இந்நாட்டில் எழுபது ஆண்டுகளிலே நிகழ்ந்தவற்றை அதன் எதிரே நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1950ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏழு பேருக்கும் குறைவானோரே ஆண்டுதோறும் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். 1995இல் அவ்வீதம் 47ஆக உயர்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக அது அன்று கணிக்கப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் உளவியல் ஏழு மடங்கு நலிந்துவிட்டது என்று எவரும் கூறத் துணியார். எனின் நிகழ்ந்தது யாது?

இவ்வினாவுக்கு முதலில் விடை தேடியவர்கள் வெளிநாட்டறிஞரே. 1953இல் ஜாக்குலின் ஸ்ட்ராஸ், மறே ஸ்ட்ராஸ் ஆகியோர் அமெரிக்கச் சமூகவியற் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரை, இலங்கையின் இனக்குழுமங்களிடையே கொலை, தற்கொலை ஆகியவற்றின் வீதங்களை ஒப்பிட்டு, சமூக அமைப்பின் இறுக்கத்தையும் தளர்வையும் கொண்டு வேறுபாட்டை விளக்க முற்பட்டது. இறுக்கமான சமூகத்தில் மனிதன் தன்னையும், தளர்ந்த சமூகத்தில் பிறனையும் தாக்குகிறான் என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்துச் சமூகத்தின் இறுக்கத்தை அறிந்தோர்க்கு இதிலே ஓரளவு உண்மை தென்படக்கூடும். ஆனால் அவ்விறுக்கம் நிலவுடைமையையும் சாதியையும் சீதனத்தையும் அடித்தளமாகக் கொண்டது என்பதைக் கூறாதவிடத்து ‘இறுக்கம்’ என்பது வெறும் உவமையாகவே எஞ்சும்.

1985இல் ரொபேர்ட் கேர்ணியும் பார்பரா மில்லரும் இதனினும் ஒருபடி முன்சென்றனர். வேகமாக உயர்ந்துவந்த வீதத்தை அவர்கள் உள்நாட்டு இடப்பெயர்வுடன் தொடர்புபடுத்தினர். வறண்ட வலயத்துக் குடியேற்றத் திட்டங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் உறவினரையும் ஊரையும் பழைய உதவி முறைகளையும் இழந்தன. மலேரியா ஒழிப்பு, குளங்களின் புனரமைப்பு, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், 1977இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் ஆகியன வழியாக நிகழ்ந்த இப்பெயர்வின் அரசியல் வேறு ஆய்வுக்குரியது. தமிழ்பேசும் மக்களின் வரலாற்றில் அதற்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. இங்கு மனங்கொள்ள வேண்டுவது, குடியேறியவருடன் கூடவே குடியேறிய பிறிதொரு பொருளைத்தான். அது கிருமிநாசினி.

பசுமைப் புரட்சி எனப்பட்டது விதையை மட்டும் கொணர்ந்ததன்று. புதிய நெல்லினங்கள் உரத்தை வேண்டின. உரமிட்ட பயிர் பீடையை வரவழைத்தது. பீடைக்கு நஞ்சு வந்தது. நஞ்சை வாங்கக் கடன் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களிலே இம்மாற்றம் குறிப்பிடத்தக்க வேகத்தில் நிகழ்ந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடபகுதிக் கமக்காரர் சில ஆண்டுகள் செழித்தனர். நீரிறைக்கும் இயந்திரமும் தெளிகருவியும் நடுத்தரக் கமக்காரனின் வீட்டுப் பொருள்களாயின. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் அச்சந்தை சரிந்தது. இலாபம் போயிற்று, கடன் நின்றது. நஞ்சும் வீட்டிலேயே, பெரும்பாலும் அடுக்களைப் பரணிலோ படுக்கையறை மூலையிலோ, நின்றது.

மொழி பற்றிய ஒரு குறிப்பை இவ்விடத்துத் தவிர்த்துச் செல்ல மனம் வரவில்லை. நம் கமக்காரர் இப்பொருளை நஞ்சு என்று அழைப்பதில்லை; ‘மருந்து’ என்றே அழைப்பர். ‘மருந்தடித்தல்’ தோட்டத்து வேலைகளுள் ஒன்று. பத்திரிகைகளோ இறந்தவரைப் பற்றி எழுதுங்கால் ‘நஞ்சருந்தி’ என்னும் செந்தமிழ்த் தொடரைக் கையாண்டன. தோட்டத்தில் மருந்தாயிருந்த பொருள் மரண விசாரணையிலே நஞ்சாக மாறியது. விற்பனைப் பண்டம் என்ற வகையில் அப்பொருளுக்கிருந்த வரலாறு இவ்விரு சொற்களுக்குமிடையே மறைந்துபோயிற்று. இறந்தவனின் மனமே முழு விளக்கமுமாயிற்று: ‘காதல் தோல்வி’, ‘குடும்பப் பிணக்கு’, ‘தீராத நோய்’.

இந்நிலைமைக்குச் சமூகமும் அரசும் ஆற்றிய எதிர்வினைகளை நோக்குமிடத்து, முதலிலே காணப்படுவது குற்றவியற் சட்டம். பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை தற்கொலை முயற்சியைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உயிர் பிழைத்தவனின் கட்டிலருகே பொலிஸ்காரர் வந்து நிற்பது இச்சட்டத்தின் விளைவாகும். அவமானத்தினாற் சாக முற்பட்டவனுக்கு அரசு மேலும் ஓர் அவமானத்தை வழங்கியது. குடும்பத்தினர் உண்மையை மறைத்தனர். ‘தவறுதலாகக் குடித்துவிட்டார்’ என்பது வைத்தியசாலை வாயில்களிலே நிலையான வாய்பாடாயிற்று. குடியேற்றவாதம் விட்டுச்சென்ற இவ்வேற்பாட்டைச் சுதந்திர இலங்கை ஐம்பது ஆண்டுகள் பேணியது. 1997இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நியமித்த குழு தற்கொலைத் தடுப்புக்கான தேசியக் கொள்கையொன்றை வகுத்தது. 1998இல் பாராளுமன்றம் அக்குற்றப் பிரிவை நீக்கியது.

இரண்டாவது எதிர்வினை தொண்டர்களுடையது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் தொடங்கிய சமாரித்தன்கள் இயக்கத்தின் வழியில், 1974இல் கொழும்பிலே ஜோன் டி மெல் அம்மையார் சுமித்ரயோ அமைப்பை நிறுவினார். வருபவர் கூறுவதை, தீர்ப்புக் கூறாது, அறிவுரை வழங்காது, இரகசியம் பேணிக் கேட்டல் என்பதே இதன் நடைமுறை. நகரத்து மத்தியதர வர்க்கத்தின் தர்மசிந்தனை என்று இதனை ஒதுக்கிவிடுதல் நம்மில் பலர்க்கு எளிது. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் கேட்டல் என்பது நம் சமூகத்தில் அத்தனை மலிந்த பொருளன்று. இளையவர் கூறுவதை மூத்தவரும், மனைவி கூறுவதைக் கணவனும், கூலியாள் கூறுவதைக் கமக்காரனும் தீர்ப்புக் கூறாது கேட்கும் வழக்கம் எந்த நிலப்பிரபுத்துவ விழுமியத்திலும் இடம்பெற்றதில்லை. அவ்வகையில் இது ஒரு சனநாயகச் செயற்பாடு எனலாம். அதன் எல்லை வேறிடத்தில் உள்ளது: கதவைத் தட்டி வருபவரையே அதனாற் கேட்க முடியும்.

வடக்கிலே இப்பணி வேறு வடிவம் பெற்றது. போரின் நடுவே, 1987இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சாந்திகம் போன்ற நிறுவனங்களும், பேராசிரியர் தயா சோமசுந்தரம், வைத்தியர் சா. சிவயோகன் முதலியோரும் ஆசிரியர், தாதியர், மதகுருமார், கிராம மட்டத் தொண்டர் ஆகியோரைப் பயிற்றுவித்தனர். இம்முயற்சி நம் மொழிக்குச் சில சொற்களை வழங்கியுள்ளது. ‘உளவளத்துணை’, ‘நெருக்கீடு’, ‘உளசமூகப் பணி’ ஆகிய சொற்கள் ஈழத்திலே வேரூன்றியவை. தமிழகத்து வாசகர்க்கு அவற்றுட் சில இன்றும் புதியனவாகத் தோன்றும். ஆலோசனை என்னாது துணை என்றமை கவனிக்கத்தக்கது. ஆலோசனையில் மேலிருந்து கீழிறங்கும் தொனி உண்டு. துணையில் அது இல்லை. சொல்லாக்கம் பற்றி ஆராய்வோர் அறிவியற் பாடநூல்களோடு நின்றுவிடாது இத்துறையையும் நோக்குதல் வேண்டும்.

போர்க்காலம் பற்றி ஒரு குறிப்பு. தயா சோமசுந்தரம் முதலியோர் 1990களிலே செய்த ஆய்வு, போர் தீவிரமடைந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்திருந்தமையை எடுத்துக்காட்டியது. போர்க்காலங்களிலே வீதம் தாழும் என்பது ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு டேர்க்ஹைமும் கூறியதே. கூட்டு இடரில் மனிதர் ஒருவரையொருவர் நெருங்குவதாலேயே இது நிகழ்கிறது என்பர். எதுவாயினும், இதனைக் கொண்டு போருக்குப் புகழ்மாலை சூட்ட எவரும் முனையாதிருத்தல் நன்று. அச்சாவுகள் குறைந்த ஊர்களிலே வேறு சாவுகள் மலிந்திருந்தன.

இனி மூன்றாவது எதிர்வினைக்கு வருவோம். இதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவதும், மிகப் பெரிய விளைவை ஏற்படுத்தியதும் ஆகும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், எந்த நஞ்சு நாட்டினுள் வரலாம், எது வரலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு பதிவாளருக்கு வழங்கியது. பேராதனை கெட்டம்பேயில் அமைந்த அவ்வலுவலகத்தைத் தாண்டி நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோருட் பெரும்பாலோர் அதன் பெயர்ப்பலகையைக் கூட வாசித்திருக்கமாட்டார்கள். 1984இல் பரத்தியோன் வகை நஞ்சுகள் தடை செய்யப்பட்டன. கிராமங்களிலே ‘பொலிடோல்’ என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட நஞ்சு அவ்வகையினது. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த முதலாம் பிரிவில் எஞ்சியிருந்தனவும் 1995அளவில் விலக்கப்பட்டன. வணிகர் வேறு நஞ்சுகளைக் கொணர்ந்தனர். என்டோசல்பான் அவ்வாறு வந்து, இறப்புகளைக் கூட்டியது. வைத்தியசாலைப் பதிவுகள் இதனை வெளிப்படுத்தவே 1998இல் அதுவும் தடை செய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் மேலும் மூன்று நஞ்சுகள் படிப்படியாக நீக்கப்பட்டன.

இவற்றின் விளைவை 2007இல் டேவிட் கனல் முதலியோர் கணித்தனர். 1986-1995 காலப்பகுதியுடன் ஒப்பிடுகையில், 1996-2005 காலப்பகுதியிலே 19,769 தற்கொலைகள் குறைவாக நிகழ்ந்திருந்தன. வேலையின்மை, மதுப்பாவனை, மணமுறிவு, போர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்கள் இவ்வீழ்ச்சியை விளக்கப் போதியனவல்ல என்றும் அவர்கள் கண்டனர். 2017இல் வெளியான மற்றொரு மதிப்பீடு, 1995 முதல் 2015 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கூறியது. 1995இன் உச்சத்திலிருந்து வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது விழுக்காடு வீழ்ந்தது. விளைச்சல் குன்றும், கமத்தொழில் அழியும் என்று எழுப்பப்பட்ட அச்சமும் மெய்ப்படவில்லை. பீடைகொல்லிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீரவும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தடைகளின் பின்னர் விளைச்சலில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி எதனையும் காணவில்லை.

இவ்வெண்களை முதன்முதலில் வாசித்தபோது எனக்கேற்பட்டது மகிழ்ச்சியன்று, ஒருவகைச் சங்கடமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விருபது ஆண்டுகளில் இந்நாட்டின் உற்பத்தி உறவுகள் மாறவில்லை. வறுமை அகலவில்லை. சீதனம் ஒழியவில்லை. சாதி மடியவில்லை. போர் தன் கோர முடிவை எய்தியது. எனினும் ஒரு நகரத்தின் சனத்தொகைக்கு நிகரான மக்கள் இறவாதிருந்தனர். அடித்தளம் மாறாது எதுவும் மாறாது என்போர் இதற்கு என்ன விளக்கம் கூறுவர்?

விளக்கம் உண்டு, ஆனால் அது நம் பழைய வாய்பாட்டினுள் அடங்குவதன்று. தம்முயிரை மாய்க்க முனைபவர் பலர் நெடுநாள் சிந்தித்து முடிவெடுத்தவரல்லர். பிணக்கின் சூட்டிலே, சினத்திலே, அவமானத்திலே, சில நிமிட நேரத்துள் நிகழ்வது அது. அந்நேரத்தைக் கடந்தவர் வாழவே விரும்புகின்றனர். பிழைத்தவர்களுட் பெரும்பான்மையோர் பின்னர் இவ்வழியில் இறப்பதில்லை. அக்கணத்திலே கையெட்டும் தூரத்தில் எது உள்ளது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டதாகிறது. அப்பொருளை அங்கு வைத்தது எவருடைய மனமுமன்று; சந்தை. ஆகவே தடை செய்யப்பட்டது, சமூகக் கொலை என்று ஏங்கெல்ஸ் கூறியதன் ஒரு குறிப்பான கருவியேயாகும். பொருளாதாரவாதம் இதனைக் காணத் தவறியது. ஏனெனில் அது ‘மனிதர் ஏன் அவ்விளிம்புக்கு வருகின்றனர்’ என்ற வினாவை மட்டுமே வினாவாக ஏற்றது. ‘வந்தவர் ஏன் இறக்கின்றனர்’ என்பது வேறு வினா. அதற்கும் வரலாறு உண்டு, இறக்குமதிப் பத்திரம் உண்டு, இலாபக் கணக்கு உண்டு.

தடைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது ‘பாதுகாப்பான பாவனை’ என்னும் கோட்பாடு. நஞ்சில் குற்றமில்லை, அதனைப் பாவிக்கத் தெரியாத கமக்காரனிலேயே குற்றம் என்பது அதன் உட்கிடை. நஞ்சு வணிகர்க்கு அது உவப்பானது என்பதில் வியப்பில்லை. இதன் நல்லெண்ண வடிவம், வீடுதோறும் பூட்டுடன் கூடிய பெட்டி வழங்குதல். வடமத்திய மாகாணத்திலே 180 கிராமங்களில், 53,382 வீடுகளை உள்ளடக்கி, இது மிகுந்த நேர்மையுடன் பரிசோதிக்கப்பட்டது. முடிவு 2017இல் வெளியாயிற்று. பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் இடையே நஞ்சருந்தும் வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பூட்டின் திறப்பு அவ்வீட்டிலேயே இருந்தது. கடையும் ஊரிலேயே இருந்தது. தனிமனிதப் பொறுப்பு என்ற சித்தாந்தத்துக்குக் கிடைத்த விடைகளுள் இதனைவிடத் தெளிவானதை நான் கண்டதில்லை. தாம் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை மறையாது வெளியிட்ட அவ்வாய்வாளரின் நேர்மையும் பாராட்டத்தக்கது.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இத்துறையில் நம் பங்கு பற்றியும் சிறிது கூறுதல் தகும். மானத்தின் பொருட்டு உயிர் நீத்தலைத் தமிழ்ச் செய்யுள் மரபு நெடுங்காலமாகப் போற்றிவந்துள்ளது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமையும் பிசிராந்தையார் அவனுடன் சேர்ந்தமையும் புறநானூற்றிலே பாடப்பெற்றுள்ளன. திருக்குறளின் 97ஆம் அதிகாரம் மானத்தையே பொருளாகக் கொண்டது. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூல், அவ்வொழுக்கத்தைக் குறுநிலத் தலைவரும் அவர்தம் படைவீரரும் வாழ்ந்த சமூகத்தோடு பொருத்திக் காணக் கற்பித்தது. போர்த்தலைவனின் மானம் அவனுடைய ஆட்சியுரிமையோடு கட்டுண்டது. அத்தகைய உரிமை எதுவுமற்ற, குத்தகை நிலத்தில் வெங்காயம் நாட்டிய ஒருவன் கடன்காரன் முற்றத்தில் வந்து நின்று ஏசியபோது உணர்ந்த மானக்கேட்டுக்கு அதே சொல்லை நாம் வழங்கினோம். ஆளும் வர்க்கத்தின் விழுமியங்கள் ஆளப்படுவோரின் உள்ளத்திலே எவ்வாறு குடிகொள்கின்றன என்பதற்கு இதனைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் இச்செய்யுட்களைக் கற்பிப்போர் அவற்றை விலக்க வேண்டுமென்பது என் கருத்தன்று; எந்தச் சமூகத்தின் அறம் அது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

நவீன புனைகதையிலோ வேறொரு சிக்கல். கதாநாயகி கிணற்றடிக்குச் செல்வதோடு முடியும் கதைகள் நம்மிடையே ஏராளம். முற்போக்கு விமர்சகர் அவற்றைத் தோல்வி மனப்பான்மையின் வெளிப்பாடுகள் என்று கண்டித்தனர். கண்டனம் நியாயமானதே. ஆனால் அது எழுத்தாளனை நோக்கியதாயன்றிப் பல வேளைகளில் இறந்த பாத்திரத்தையே நோக்கியதாக அமைந்தது: அவள் போராடியிருக்க வேண்டும். மார்க்ஸ் 1846இல் பெஷேயின் குறிப்புகளைத் தெரிந்தெடுத்தபோது அப்பெண்களை நோக்கி அவ்வாறு கூறவில்லை. தற்கொலையைக் கோழைத்தனம் என இகழ்ந்த ஒழுக்கவாதிகளையே அக்கட்டுரை எள்ளி நகையாடுகிறது. மார்க்ஸைப் பின்பற்றியோர் அவ்வொழுக்கவாதிகளின் குரலை எங்கிருந்து பெற்றனர் என்பது நம் விமர்சன வரலாற்றிலே விசாரிக்கப்பட வேண்டிய ஒன்று.

இவ்வாறு கூறுவதால், சட்டம் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று கொள்ளலாகாது. இறப்பு வீழ்ந்த அளவுக்கு முயற்சிகள் வீழவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்படுவோரின் தொகை அதே வேகத்திற் குறையவில்லை. இளவயதினர் விடயத்தில் இது குறிப்பாகக் கவனத்துக்குரியது. முன்னர் இறந்திருக்கக்கூடியவர் இப்போது பிழைக்கிறார்: குறைந்த நச்சுத்தன்மையுள்ள பொருளாலும், விரைந்து கிடைக்கும் இலவச மருத்துவத்தாலும். 1988இல் கொழும்பிலே பேராசிரியர் ரவீந்திர பெர்ணாண்டோ நிறுவிய தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும், பேராதனை, அனுராதபுரம் முதலிய வைத்தியசாலைகளிலே நடைபெற்ற சிகிச்சை ஆய்வுகளும் இதற்குத் துணைபுரிந்தன. ஆனால் பிழைத்தவர் மீண்டு செல்வது அதே வீட்டுக்கே. தடை உயிரைக் காத்தது. அவ்வுயிரை விளிம்புக்குத் தள்ளிய கைகள் அப்படியே உள்ளன. நம் பழைய வினா இவ்விடத்தில் மீண்டும் தன் நியாயத்தைப் பெறுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: அவ்வினாவைக் கேட்க இப்போது அவர் உயிரோடிருக்கிறார்.

2009இல் போர் முடிந்ததன் பின்னர் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும், பின்னர் நாடெங்கிலும் பரவிய நுண்கடன் நிறுவனங்கள் இதற்குத் தக்க சான்று. கணவனை இழந்த, நிலத்தை இழந்த, பிணையாக வைக்க எதுவுமற்ற பெண்களிடம் அவை வந்தன. பொருட்பிணைக்குப் பதிலாகச் சகபெண்களின் கண்காணிப்பும் வெட்கமும் பிணையாக்கப்பட்டன. வாரந்தோறும் தவணை வாங்க முற்றத்துக்கு வந்த இளைஞன் பணம் கிடைக்கும்வரை அங்கிருந்து எழாதிருந்தான். மானம் இங்கு நேரடியாகவே நிதி மூலதனத்தின் கருவியாக்கப்பட்டது. இக்கடன்களின் நெருக்குதலால் பெண்கள் உயிரிழந்தமை பல மாவட்டங்களிலிருந்தும் அறிவிக்கப்பட்டது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 மார்ச்சிலே ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. அவர்கள் கேட்டது உளவளத்துணையையன்று. கடன் நீக்கத்தையும் வட்டிக் கட்டுப்பாட்டையும்.

ஒரு பண்டத்தைச் சட்டத்தால் சந்தையிலிருந்து அகற்றி உயிர்களைக் காக்க முடியும் என்பதை 1984 தொட்டு இந்நாடு நிரூபித்துள்ளது. கடனும் ஒரு பண்டமே. அதனை விற்போருக்குப் பதிவாளர் உண்டா, அதன் நச்சுத்தன்மையை வகைப்படுத்தும் பட்டியல் உண்டா என்னும் கேள்விகளை அப்பெண்கள் வேறு சொற்களில் எழுப்பினர்.

மார்க்ஸுக்குப் பெஷேயின் பொலிஸ் ஆவணங்கள் உதவின. நமக்கும் பொலிஸ் ஏடுகளும் திடீர் மரண விசாரணை அதிகாரிகளின் அறிக்கைகளும் உள்ளன. இலங்கைப் பொலிஸாரின் ஆண்டுப் புள்ளிவிபரங்களிலே காரணங்கள் நிரல்களாக வகுக்கப்பட்டுள்ளன: கணவரின் கொடுமையும் குடும்பப் பிணக்கும், காதல் ஏமாற்றம், நாட்பட்ட நோய், பரீட்சையில் தோல்வி, பிள்ளைகளின் கவனிப்பின்மை. பொருளாதாரப் பிரச்சினை என்றும் ஒரு நிரல் உண்டு. வறுமையும் கடன்படுதலும் அதனுள் அடங்கும். கடன் கொடுத்தவர் யார், வட்டி வீதம் எவ்வளவு என்பவற்றுக்கு அங்கு நிரல் இல்லை.